ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் டைட் வைக்கிறது மினிமம் டியூ கட்டுற மாதிரி: பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கு 2,150 ரூபாய் பாடம்



புதுக் காரா, பழைய காரான்னு போன வீடியோவுல பேசினோம். 8 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருஷம்னா மாச ஈ.எம்.ஐ. கிட்டத்தட்ட 12,870 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 2.8 லட்சம். அதனால சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் சில வருஷத்துக்கு கடன் இல்லாத பழைய கார் நல்ல முடிவுதான்னு சொன்னேன்.

அதுல ஒரு கண்டிஷனை நான் சரியா சொல்லலை. பழைய கார் பணத்தை மிச்சப்படுத்தும், ஆனா சின்னச் செலவைத் தள்ளிப் போடாம இருந்தா மட்டும்தான். அதை நானே ஒரு ஹேண்ட்பிரேக்கால கத்துக்கிட்டேன். இன்னைக்கு அந்தக் கதையும் கணக்கும். கூடவே பின் சக்கர பிரேக் ஷூ மாத்துறது, அட்ஜஸ்ட் பண்றது எப்படின்னும் பார்ப்போம். நீங்களே ஸ்பேனர் பிடிக்கணும்னு அவசியமில்லை. ஆனா வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா, பில்லைப் பார்த்து ஏமாற மாட்டீங்க.

என்ன நடந்தது?

என்கிட்ட இருக்கிறது 12 வருஷப் பழைய ஹேட்ச்பேக். ஹேண்ட்பிரேக் லீவரை இழுத்தா 11, 12 கிளிக் வரைக்கும் மேல வந்தது. தெருமுனை மெக்கானிக்கிட்ட போனேன்.

"அண்ணே, ஹேண்ட்பிரேக் லூஸா இருக்கு."

"கேபிளை டைட் வச்சாப் போதும் தம்பி. ஒரு 100 ரூபா குடு."

5 நிமிஷத்துல வேலை முடிஞ்சது. லீவர் 5 கிளிக்லயே கல்லு மாதிரி நின்னது. எனக்கும் சந்தோஷம். நாலு மாசம் கழிச்சு மறுபடி லூஸ். மறுபடி 100 ரூபாய், மறுபடி டைட்.

அடுத்த மாசம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவுல ஏறும்போது கேட் மூடியிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் பக்கத்துல இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, நியூட்ரல்ல விட்டுட்டு, கேட்டைத் தள்ள இறங்கினேன். நாலு அடி நடந்திருப்பேன். கார் மெதுவா பின்னாடி நகர ஆரம்பிச்சது. ஓடிப் போய் கதவைப் பிடிக்கிறதுக்குள்ள வேகம் எடுத்து, கீழே நின்ன பக்கத்து வீட்டுக்காரரோட ஸ்கூட்டரைச் சாய்ச்சுட்டு தூண்ல மோதி நின்னது.

ஒரு நிமிஷம் முன்னாடிதான் ஒரு சின்னப் பையன் சைக்கிளோட அந்த வழியா போனான். அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது. கீழே வரப்போற கணக்கு எல்லாம் பணக் கணக்கு. அந்தப் பையன் அங்கே நின்னிருந்தா எந்தக் கணக்கும் இல்லை.

லீவர் டைட்டா இருந்தும் ஏன் பிடிக்கலை?

ஆல்டோ, வேகன்ஆர், ஐ10, இண்டிகா மாதிரி நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்ன கார்கள்ல பின் சக்கரத்துல டிரம் பிரேக்தான். சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்பு டிரம்முக்குள்ள ரெண்டு அரைவட்ட ஷூ இருக்கும். ஷூ மேல ஒட்டியிருக்கிற லைனிங்தான் டிரம்மை உரசிப் பிடிக்கிறது.

கால் பிரேக்கை மிதிச்சா, பிரேக் ஆயில் அழுத்தத்துல வீல் சிலிண்டர் அந்த ரெண்டு ஷூவையும் வெளியே தள்ளும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தா, கேபிள் ஒரு சின்ன லீவரை இழுத்து அதே ஷூக்களைத் தள்ளும். அதாவது ஷூ ஒண்ணுதான், தள்ளுற வழிதான் ரெண்டு.

லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடும். அதைக் குறைக்க உள்ளேயே ஒரு அட்ஜஸ்டர் இருக்கு. பல கார்கள்ல அது தானாவே வேலை செய்யும். பழைய கார்ல துருப்பிடிச்சு நின்னுடும். அப்போ ஹேண்ட்பிரேக் லீவர் மேல மேல வரும்.

இந்த இடத்துலதான் தப்பு நடக்குது. உள்ளே இருக்கிற இடைவெளியைச் சரி பண்ணாம, வெளியே கேபிளை மட்டும் இழுத்து டைட் வச்சா மூணு விஷயம் நடக்கும்:

- லீவர் டைட்டாத் தெரியும். லைனிங் தேஞ்சது தெரியாது.
- கேபிள் எப்பவும் ஷூவை லேசா இழுத்தே வச்சிருக்கும். அட்ஜஸ்டர் சரியா வேலை செய்ய, லீவரைக் கீழே விட்டதும் ஷூ முழுசா தன் இடத்துக்குத் திரும்பணும். அது திரும்பாததால தானா அட்ஜஸ்ட் ஆகுறதும் நின்னுபோகும்.
- ஓடும்போது ஷூ டிரம்மை உரசிக்கிட்டே இருக்கும். சூடாகி லைனிங் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும். வழவழப்பான லைனிங் பிடிக்காது. மைலேஜும் குறையும்.

என் கார் டிரம்மைக் கழட்டினப்போ இதேதான். வலது பக்கம் லைனிங் காகிதமா தேஞ்சு ஒரு ஓரத்துல இரும்பு தெரிஞ்சது. இடது பக்கம் பளபளன்னு மின்னுச்சு.

கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுறவங்களுக்கு இது புரியும். அந்த மாசம் கால் வராது, லேட் ஃபீஸ் வராது, எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தோணும். உள்ளே பாக்கித் தொகைக்கு மாசம் 3%, அதுக்கு மேலன்னு வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். கேபிளை டைட் வைக்கிறதும் அதேதான். அடையாளத்தை மறைக்கும், கடனைத் தீர்க்காது.

இப்போ கணக்கு

எனக்கு வந்த செலவு:

- பின் பம்பர்: ரூ. 3,000
- டெயில் லைட்: ரூ. 1,400
- பெயிண்ட், லேபர்: ரூ. 2,400
- பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் ரிப்பேர்: ரூ. 3,200
- மொத்தம்: ரூ. 10,000

அதுக்கப்புறம் பிரேக் வேலைக்கு ஆன செலவு:

- ஷூ செட், ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 4: ரூ. 750
- ஸ்பிரிங் கிட்: ரூ. 200
- பிரேக் கிளீனர் ஸ்பிரே: ரூ. 250
- லேத் பட்டறையில ரெண்டு டிரம்மும் கடைசல்: ரூ. 350
- லேபர்: ரூ. 600
- மொத்தம்: ரூ. 2,150

இது என் பில். உங்க ஊர், உங்க கார் பொறுத்து மாறும். ஆனா விகிதத்தைப் பாருங்க. முதல் தடவை லூஸானப்போவே 2,150 செலவு பண்ணியிருந்தா 10,000 மிச்சம். நான் 200 ரூபாய்ல முடிச்சுட்டேன்னு நினைச்சேன்.

"இன்சூரன்ஸ் கிளைம் பண்ணியிருக்கலாமே?"

முதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோங்க. ஷூ தேயறது தேய்மானம். அதை எந்த சாதாரண மோட்டார் பாலிசியும் தராது. மோதினதால வந்த சேதத்தை வேணா கேட்கலாம். அதுவும் லாபமான்னு கணக்குப் போட்டுத்தான் கேட்கணும்.

என் காருக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லை, பழைய காருக்கு அது கிடைக்கிறதும் கஷ்டம். சாதாரண பாலிசியில பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% கழிப்பாங்க. பம்பருக்கு 1,500, லைட்டுக்கு 700, பெயிண்ட்-லேபர் முழுசாவே தந்தாங்கன்னு வச்சுக்கிட்டாலும் 2,400. மொத்தம் 4,600. 1500 சி.சி. வரைக்குமான காருக்கு கட்டாய டிடக்டிபிள் 1,000. ஆக, கைக்கு வர்றது அதிகபட்சம் 3,600.

இன்னொரு பக்கம், எனக்கு 50% நோ கிளைம் போனஸ் இருக்கு. ஓன் டேமேஜ் பிரீமியம், போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி 4,000. கிளைம் பண்ணினா அடுத்த வருஷம் போனஸ் பூஜ்யம். அதுக்கப்புறம் வருஷாவருஷம் 20%, 25%, 35%, 45%ன்னு ஏறித்தான் திரும்ப 50%க்கு வரும்.

- முதல் வருஷ இழப்பு: 2,000
- இரண்டாவது: 1,200
- மூன்றாவது: 1,000
- நான்காவது: 600
- ஐந்தாவது: 200
- மொத்தம்: 5,000

3,600 வாங்க 5,000 இழக்கணும். அதனால கிளைம் பண்ணலை. ஸ்கூட்டர் காசையும் கையிலிருந்து குடுத்துட்டேன். உங்க பாலிசி எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. சின்ன சேதத்துக்குப் பல நேரம் விடை இப்படித்தான் வரும்.

கழட்டாமலே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாசம் ஒரு தடவை, 5 நிமிஷம் போதும்.

1. லீவரை நிதானமா இழுத்து கிளிக்கை எண்ணுங்க. எத்தனை இருக்கணும்னு உங்க கார் மேனுவல்ல இருக்கும். எண்ணிக்கை மாசாமாசம் கூடிட்டே போனா உள்ளே தேயுதுன்னு அர்த்தம்.
2. லேசான சரிவுல, பின்னாடி ஆளோ வண்டியோ இல்லாத இடத்துல, சீட்ல உட்கார்ந்தபடியே ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, கால் பிரேக்கை மெதுவா விடுங்க. கால் பெடல் மேலயே இருக்கட்டும். கார் நகர்ந்தா உடனே மிதிக்கலாம்.
3. 10 கி.மீ. ஓட்டினதும் இறங்கி பின் சக்கரம் பக்கத்துல கையைக் காட்டுங்க, தொடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சாலோ கருகின வாசனை வந்தாலோ ஷூ உரசுது.

வேலை எப்படி நடக்கணும்?

முதல் தடவை செய்யறவங்க தனியா செய்யாதீங்க. விஷயம் தெரிஞ்சவர் பக்கத்துல இருக்கட்டும். மெக்கானிக்கிட்ட குடுத்தாலும் இந்த வரிசை தெரிஞ்சிருக்கணும்.

1. கட்டை முதல்ல. டிரம்மைக் கழட்ட ஹேண்ட்பிரேக்கை விட்டாகணும். அதாவது காரைப் பிடிச்சு நிறுத்த வேற எதுவும் இல்லை. சமதளத்துல நிறுத்தி, முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைங்க, கியர்ல போடுங்க. ஜாக்கியில தூக்கினதும் ஸ்டாண்ட் குடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி கார் கிட்ட உட்காரவே கூடாது.

2. கேபிளைத் தளர்த்துங்க. லீவர் பக்கத்துல இருக்கிற அட்ஜஸ்ட் நட்டை லூஸ் பண்ணிட்டுத்தான் அடுத்த வேலை. இதைச் செய்யாம புது ஷூ போட்டா டிரம் உள்ளே போகாது, இல்லன்னா உரசும்.

3. டிரம்மைக் கழட்டுங்க. பல டிரம்கள்ல ரெண்டு சின்ன மறை ஓட்டை இருக்கும். அதுல போல்ட் போட்டு மாத்தி மாத்தி முறுக்கினா டிரம் தானா வெளியே வரும். சில கார்கள்ல டிரம்மும் பேரிங்கும் ஒண்ணா, நடுவுல ஒரு பெரிய நட்டுல நிக்கும். அந்த மாதிரின்னா மெக்கானிக் கையில விட்டுடுங்க.

4. தூசியை ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்கு ஆகாது. ஏர் அடிக்கவே கூடாது. மாஸ்க் போட்டு, கிளீனர் ஸ்பிரே அடிச்சு, ஈரமாவே துடைக்கணும்.

5. ஒரு பக்கம் முடிச்சுட்டு மறுபக்கம். கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில இருந்ததுன்னு குழம்பினா இன்னொரு சக்கரத்தைப் பார்த்துக்கலாம். இடது அட்ஜஸ்டரும் வலது அட்ஜஸ்டரும் பல கார்கள்ல வேற வேற. மாத்திப் போட்டா வேலையே செய்யாது.

6. டிரம் கழட்டியிருக்கும்போது பிரேக் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துடும். சிலிண்டரோட ரப்பர் மூடியை லேசா தூக்கிப் பாருங்க. உள்ளே ஆயில் ஈரம் இருந்தா சிலிண்டரையும் மாத்தணும். இல்லன்னா புது ஷூவும் ஆயில்ல ஊறி வீணாகும்.

7. புது ஷூ. ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாத்தணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா கார் ஒரு பக்கமா இழுக்கும். பழைய ஷூவுல இருக்கிற ஹேண்ட்பிரேக் லீவரைப் புது ஷூவுக்கு மாத்தணும். பின் தட்டுல ஷூ உரசுற இடங்கள்ல மட்டும் சூடு தாங்குற கிரீஸ் துளித்துளியா வைங்க. லைனிங்ல விரல் கிரீஸ் கூட படக் கூடாது. அட்ஜஸ்டர் மறையைச் சுத்தம் பண்ணி, கையால சுலபமா சுத்துதான்னு பாருங்க.

8. முதல்ல ஷூ அட்ஜஸ்ட். டிரம்மைப் போட்டுக் கையால சுத்தினா லேசா உரசுற சத்தம் வரணும், ஆனா சுலபமா சுத்தணும். அந்த அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்புங்க. ரெண்டு பக்கமும் டிரம் போட்ட பிறகு கால் பிரேக்கைப் பல தடவை மிதிச்சா ஷூ நடுவுக்கு வந்து உட்காரும்.

9. கடைசியாத்தான் கேபிள். மேனுவல் சொல்ற கிளிக்ல பிடிக்கிற மாதிரி நட்டை முறுக்குங்க. லீவரைக் கீழே விட்டா ரெண்டு சக்கரமும் தடையில்லாம சுத்தணும். இழுத்தா ரெண்டும் ஒரே அளவுல பிடிக்கணும். டாஷ்போர்டு ஹேண்ட்பிரேக் லைட் சரியா எரிஞ்சு அணையுதான்னும் பாருங்க.

10. டெஸ்ட். முதல்ல காலியான இடத்துல மெதுவா ஓட்டி கால் பிரேக்கைப் பாருங்க. அப்புறம் மேலே சொன்ன சரிவு டெஸ்ட், சூடு டெஸ்ட். புது லைனிங் டிரம்மோட பழகுற வரைக்கும் கொஞ்ச நாள் நிதானமா ஓட்டுங்க. ஒரு 100 கி.மீ. ஓடினதும் வீல் நட்டை மறுபடி செக் பண்ணுங்க.

பின்னாடி டிஸ்க் பிரேக் இருந்தா?

சில பெரிய கார்கள்ல டிஸ்க்குக்குள்ளேயே ஹேண்ட்பிரேக்குக்குன்னு தனியா ஒரு சின்ன டிரம்மும் ஷூவும் இருக்கும். கால் பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அதனால ஓட்டத்துல ரொம்ப தேயாது. ஆனா துருப்பிடிக்கும், லைனிங் ஷூவை விட்டு உரிஞ்சு வரும். ஹேண்ட்பிரேக்கை எடுக்காம ஓட்டினா சீக்கிரம் தேஞ்சுடும். அட்ஜஸ்ட் வரிசை இங்கேயும் அதேதான். ஓட்டை வழியா நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி டிஸ்க் நிக்கிற வரைக்கும் கொண்டு வந்து, மேனுவல் சொல்ற அளவு பின்னாடி திருப்பி, அப்புறம் கேபிள்.

நாமே செஞ்சா மிச்சமா?

இந்த வேலைக்கு நான் குடுத்த லேபர் 600 ரூபாய். நானே செய்ய நினைச்சா ஸ்டாண்ட் ஜோடி, டார்க் ரெஞ்ச், ஸ்பிரிங் கழட்டுற டூல்னு வாங்கவே சில ஆயிரம் ஆகும். பல வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வேலைக்கு அது கட்டுப்படியாகாது. பணம் மிச்சமாகிறது ஸ்பேனர் பிடிக்கிறதுல இல்லை, கேள்வி கேட்கிறதுல. அடுத்த தடவை மெக்கானிக்கிட்ட இப்படிக் கேளுங்க:

- "அண்ணே, டிரம்மைக் கழட்டி லைனிங் எவ்வளவு இருக்குன்னு காட்டுங்க." பல மேனுவல்கள் 1 மி.மீ. வந்தா மாத்தச் சொல்லுது. நான் 2 மி.மீ.லயே மாத்திடுவேன்.
- "அட்ஜஸ்டர் சுத்துதா? சிலிண்டர்ல ஈரம் இருக்கா?"
- "கேபிளைத் தளர்த்திட்டுத்தானே ஷூ அட்ஜஸ்ட் பண்ணுனீங்க?"
- "பழைய ஷூவை என்கிட்ட குடுத்துடுங்க."

கடைசிக் கேள்வி முக்கியம். பழைய பார்ட் கைக்கு வந்தா, மாத்தினது நிஜமான்னு தெரிஞ்சுடும். இன்னொண்ணு, புதுப்பேட்டையில பழைய கண்ணாடி, பழைய டோர் ஹேண்டில் வாங்கி மிச்சம் பிடிங்க, தப்பில்லை. பிரேக் ஷூ மட்டும் எப்பவும் புதுசு, பில்லோட.

இந்த மாசமே செய்ய வேண்டியது

1. சம்பள நாள்ல 1,500 ரூபாயைத் தனி அக்கவுன்டுக்கோ ஆர்.டி.க்கோ தள்ளுங்க. பேரு "கார் ஃபண்ட்". வருஷத்துக்கு 18,000. சர்வீஸ், டயர், பிரேக், இன்சூரன்ஸ் எல்லாம் அதுலயிருந்துதான். 12,870 ஈ.எம்.ஐ. கட்டாம தப்பிச்சவங்களுக்கு இது பெரிய தொகை இல்லை.
2. நாளைக்குக் காலையில கிளிக்கை எண்ணி போன்ல குறிச்சு வைங்க.
3. நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. மேட்டைப் பார்த்து நின்னா முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்னா ரிவர்ஸ். சரிவுல இன்ஜினை அணைக்காம, நியூட்ரல்ல விட்டு இறங்கவே இறங்காதீங்க. நான் செஞ்ச தப்பு அதுதான்.

15 வருஷம் ஆன காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது பிரேக்கையும் பார்ப்பாங்க. அந்த நாள் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பழைய கார் வச்சிருக்கிற நண்பர் யாராவது "கேபிளை டைட் வச்சுட்டேன், சரியாயிடுச்சு"ன்னு சொன்னா, இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்க. அவரோட 10,000 ரூபாயோ, அதைவிடப் பெருசா ஏதோ ஒண்ணோ மிஞ்சலாம்.

அடுத்த வாரம்: பழைய காருக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தேவையா, தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா? கணக்கோட வர்றேன். சந்திப்போம்!